தயிர்சாதமும் மீத்தேனும்: ஈரக்குப்பை பற்றி வாசகர் கேள்விகள்

ஈரக்குப்பையை உரமாக்குவது, அதிலிருந்து எரிவாயு எடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

காய்கறித் தோலை என் வீட்டுத் தொட்டியில் போட்டாலும் மட்கத்தான் போகிறது, சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் கொட்டினாலும் மட்கத்தான் போகிறது. இதில் பூமி சூடாவது எங்கே குறைகிறது?
– வாசகர், வேளச்சேரி

மட்குவதில் இரண்டு விதம் உண்டு. காற்று படும் இடத்தில் மட்கினால் வெளியே போவது பெரும்பாலும் கரியமில வாயு. அந்தக் கரி (கார்பன்), கத்தரிச் செடியும் வாழையும் சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த கணக்கு.

கிடங்கில் கதை வேறு. உங்கள் வீட்டுத் தயிர்சாதத்தின் மேல் மறுநாள் லாரி லோடு ஒன்று விழும், அடுத்த நாள் இன்னொன்று. சில வாரங்களில் அது பல அடி ஆழத்துக்குப் போய்விடும். அங்கே காற்று கிடையாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதே கரியை மீத்தேன் என்ற வாயுவாக மாற்றுகின்றன. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல சுமார் 27 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் மீத்தேன் சூடேற்றும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. மீத்தேன் காற்றில் தங்குவது சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். இன்று குறைத்தால் பலனை நாமே பார்த்துவிடலாம்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. இதற்கென்று ஒரு கணக்கீட்டு முறை வைத்திருக்கிறது. அதன்படி, பராமரிப்பில்லாத ஆழமான கிடங்குக்குப் போகும் ஒரு கிலோ உணவுக் கழிவு, சில ஆண்டுகளில் சுமார் 40 கிராம் மீத்தேன் விடும். அதை 27-ஆல் பெருக்கினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலான கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது கிலோவுக்குக் கிலோ. தினம் அரைக் கிலோ ஈரக்குப்பை போடும் வீட்டுக்கு ஆண்டுக்கு 180 கிலோவை ஒட்டி வரும். 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்றை முழுதாக எரித்தால் வருவது 42 கிலோ கரியமில வாயு. ஆக, அந்த வீடு நாலு சிலிண்டருக்கு மேல் அடுப்பே இல்லாமல் எரித்தது போல.

தொட்டியில் மட்கும்போதும் கொஞ்சம் மீத்தேனும், நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற இன்னொரு சூடேற்றும் வாயுவும் வரத்தான் செய்யும். அதே முறையில் பார்த்தால், கிலோவுக்குச் சுமார் 170 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம், கிடங்கில் வருவதில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் இது காற்றோட்டமுள்ள தொட்டிக்கான கணக்கு. சொதசொதவென்று நாறிக்கொண்டிருக்கும் தொட்டி, கிடங்கின் குட்டிதான்.

கிடங்குகள் கோடையில் தீப்பிடிப்பதிலும் இந்த வாயுவுக்குப் பங்குண்டு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி நாள்கணக்கில் புகைந்தது உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

இரண்டாம் மாடி, சின்ன பால்கனி, நாங்கள் நான்கு பேர். கடையில் விற்கும் விலை உயர்ந்த தொட்டி வாங்காமல் எப்படித் தொடங்குவது?
– வாசகி, மதுரை

20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். ஆனால் நான்கு வாளி வேண்டும். இரண்டு வாளியோடு தொடங்கிப் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். நான்கு பேர் வீட்டில் தினம் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈரக்குப்பை சேரும். ஒரு வாளி இரண்டு, மூன்று வாரத்தில் நிரம்பிவிடும். நிரம்பியது உரமாக அதற்குப் பிறகு 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரை குப்பை காத்திருக்காது.

பெயிண்ட் மிச்சமில்லாமல் கழுவிய வாளியின் பக்கவாட்டில், நாலு அங்குல இடைவெளியில் மூன்று வரிசை ஓட்டை போடுங்கள். அடியில் ஐந்தாறு ஓட்டை. ஓட்டை 6 மில்லிமீட்டர் இருக்கட்டும். டிரில் இல்லையென்றால் பழுக்கக் காய்ச்சிய கம்பி போதும், ஆனால் பிளாஸ்டிக் புகை வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். வாளியைத் தரையில் நேராக வைக்க வேண்டாம். ஒரு தட்டில் மூன்று செங்கல் துண்டு வைத்து அதன் மேல் நிறுத்தினால்தான் அடி ஓட்டை வழியாகக் காற்று ஏறும்.

அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டு, சருகு. அதன் மேல் இரண்டு கைப்பிடி பழைய மட்கு அல்லது காய்ந்தும் காயாத சாணி. இரண்டும் கிடைக்காவிட்டால் ஒரு டம்ளர் புளித்த மோர். கடையில் விற்கும் பொடிகள் இல்லாமலும் மட்கும்.

தினமும் செய்ய வேண்டியது இது. குப்பையை வடிதட்டில் வைத்து நீர் வடித்துவிடுங்கள். பெரிய துண்டை இரண்டங்குலத்துக்கு நறுக்குங்கள். ஒரு கிண்ணம் குப்பைக்கு ஒரு கிண்ணம் நொறுக்கிய சருகு, அல்லது அரைக் கிண்ணம் தென்னை நார்த்தூள். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நார்த்தூள் கட்டியைச் செடிக்குப் போடுவதுபோல் தண்ணீரில் ஊறவைத்துப் போடுகிறார்கள். இங்கே அதன் வேலை குப்பையின் ஈரத்தை உறிஞ்சுவது. ஊறவைத்த பஞ்சு எதை உறிஞ்சும்? கட்டியை உடைத்து உலர்வாகவே தூவுங்கள். நார்த்தூளும் இல்லாத நாளில் செய்தித்தாளைக் கிழித்துப் போடலாம். பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம்.

மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய கரண்டியால் அடிவரை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப் பார்த்தால் பதம் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், சித்திரை வெயிலில் பால்கனியில் இதுவும் நடக்கும்.

தொட்டியில் நாற்றம் தாங்கவில்லை. வெள்ளையாகப் புழு வேறு நெளிகிறது. அப்படியே தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, திருச்சி

போட வேண்டாம். எந்த நாற்றம் என்று மட்டும் பாருங்கள், அதுவே நோயைச் சொல்லிவிடும்.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை. துகள்களுக்கு இடையில் இருக்கும் சந்துகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் பரவும். அதனால் மேலே திறந்து வைத்தாலும் உள்ளே மூச்சுத் திணறல்தான். மொத்தத்தையும் ஒரு சாக்கின் மேல் கொட்டி, அதன் அளவில் பாதிக்குச் சருகோ நார்த்தூளோ கலந்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். அடி ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். இரண்டு நாளில் நாற்றம் அடங்கும்.

மூக்கில் ஏறும் நெடி, கழிவறைப் பக்கம் வருவதுபோல் வந்தால் அது அம்மோனியா. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து கரிச்சத்து குறைந்திருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25, 30 பங்கு கரி வேண்டும். அடுக்களைக் கழிவில் அந்தக் கரி 15, 20 பங்கைத் தாண்டுவது அபூர்வம். மீதியைச் சருகுதான் கொடுக்க வேண்டும். பருப்பும் பயறும் ஒரேயடியாக விழுந்திருக்கும். இங்கும் மருந்து சருகுதான். புளிப்பு வாசனை மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பழத்தோல் நிறைய விழுந்திருக்கும், கிளறிவிட்டால் போதும்.

அடுத்தது புழு. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு முனை கூராக, வழவழவென்று இருந்தால் வீட்டு ஈயின் புழு. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆகும், எனவே தாமதிக்காதீர்கள். குப்பை மேலே தெரியாமல் இரண்டு அங்குலம் உலர்ந்த தூள் மூடியிருந்தால் ஈ முட்டையிட இடம் கிடைக்காது. ஒரு நாள்கூட மூடாமல் விடக்கூடாது.

தட்டையாக, வளையம் வளையமாக, இரண்டு சென்டிமீட்டர் வரை நீண்டு, போகப் போகப் பழுப்பாக மாறும் புழு வேறு இனம். ஆங்கிலத்தில் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிறார்கள். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அதைப்போல வேலைக்காரன் இல்லை. உங்கள் குப்பையை நாள்கணக்கில் தின்று தீர்த்துவிடும். வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் உட்காரும் பழக்கம் இல்லாதது. கூட்டுப்புழுவாகும் சமயத்தில் புழு தொட்டியை விட்டுத் தானே ஏறி வெளியேறும், பால்கனித் தரையில் ஊர்ந்து வீட்டாரை அலறவைப்பது அப்போதுதான். மூடியின் விளிம்பில் கொசுவலைத் துணி கட்டினால் நிற்கும். கோழி வளர்க்கும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் கவலையே வேண்டாம். எறும்பு வந்தால் தொட்டி காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எலுமிச்சைத் தோல், மீன் கழிவு, முட்டை ஓடு, ஊறுகாய், எண்ணெய் – எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?
– வாசகர், தூத்துக்குடி

எலுமிச்சைத் தோல் அளவோடு போடலாம். மண்புழுத் தொட்டியில் மட்டும் வேண்டாம். முட்டை ஓடு பொடித்துப் போட்டால் கரையும், இல்லையென்றால் அடுத்த ஆண்டும் ஓடாகவே கையில் வரும். டீத்தூள் தாராளமாக, சர்க்கரை போக அலசியபின். ஊறுகாய், கருவாட்டின் உப்பு, பொரித்த எண்ணெய் வேண்டாம். உப்பு செடிக்கும் ஆகாது, நுண்ணுயிருக்கும் ஆகாது.

மீன், கறிக் கழிவுக்கு 20 லிட்டர் வாளி ஏற்றதில்லை. கிருமிகள் சாக 55 டிகிரிக்கு மேல் சூடு பல நாள் நிற்க வேண்டும். அவ்வளவு சூட்டைப் பிடித்துவைக்க ஒரு கன மீட்டர் குவியலாவது தேவை. கொல்லை இருந்தால் தென்னையைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். ஆழம் குறைந்தால் நாய் தோண்டும்.

‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பையோடு சேர்த்துக் குப்பையைத் தொட்டியில் போடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். அந்தப் பைகள் தேறும் சோதனை, 58 டிகிரியை ஒட்டிய சூட்டில் இயங்கும் பெரிய உரக்கூடத்தை மனதில் வைத்தது. வீட்டு வாளி அந்தச் சூட்டை எட்டாது. ஆறு மாதம் கழித்துக் கிளறினாலும் பை பையாகவே கிடக்கும்.

சமையலறைக் கழிவு எரிவாயுக் கலன் வைத்தால் தினம் இரண்டு மணி நேரம் அடுப்பு எரியும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

எத்தனை கிலோ கழிவுக்கு என்று அவரைக் கேளுங்கள். ஒரு கிலோ சமையலறைக் கழிவு கொடுக்கும் வாயு ஏறத்தாழ 100 லிட்டர், அதாவது 0.1 கன மீட்டர். ஒரு கன மீட்டர் வாயு, 450 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். ஆக ஒரு கிலோ கழிவுக்கு 45 கிராம் கேஸ், கால் மணி முதல் இருபது நிமிடம் வரை எரியும். காபிக்கும் பால் காய்ச்சவும் போதும். இரண்டு மணி நேரம் வேண்டுமானால் தினம் ஆறிலிருந்து எட்டுக் கிலோ கழிவு போட வேண்டும். எந்த நாலு பேர் வீட்டிலும் அது சேராது. மெஸ், பள்ளி விடுதி, கல்யாண மண்டபம், மாடு உள்ள வீடு – இவர்களுக்கு இது அருமையான முதலீடு. மாடு இருந்தால் 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கித்தான் ஆவேன் என்றால் சில விஷயங்கள். முதல் நிரப்பல் சாணமும் தண்ணீரும் சரிபாதி. இரண்டு மூன்று வாரம் வேறெதுவும் போடாதீர்கள். முதலில் சேரும் வாயு எரியாது, காற்றும் கரியமில வாயுவுமாக இருக்கும். அதை வெளியே விட்டுவிட்டு அடுத்துச் சேருவதை அடுப்பில் கொளுத்திப் பாருங்கள். கலன் வாயில் ஒருபோதும் தீக்குச்சி காட்டாதீர்கள். பிறகு அரைத்த கழிவைக் கால் கிலோவில் தொடங்கி வாரவாரம் கூட்டுங்கள்.

கெட்டுப்போகும் கலன்களில் பல, கல்யாண வீட்டு மிச்சத்தை ஒரே நாளில் கொட்டியதால் கெட்டவைதான். சோறும் புளித்த மாவும் வேகமாக அமிலமாகும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை, அந்த அமிலத்தைத் தின்று தீர்க்க அவற்றால் முடியாது. கார அமில அளவு 6.5-க்குக் கீழே இறங்கியதும் வேலையை நிறுத்திவிடும். வாயு சேரும் டிரம் உயர்ந்து நிற்கும், ஆனால் தீ பற்றாது, சுடர் விலகி விலகி அணையும். அப்போது நான்கைந்து நாள் உணவை நிறுத்திவிட்டுத் தினம் ஒரு வாளி சாணிப்பால் மட்டும் ஊற்றுங்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் கொஞ்சம் விடலாம்.

சமையல் கேஸ் அடுப்பை அப்படியே மாட்டினாலும் எரியாது. இந்த வாயுவின் அழுத்தம் குறைவு, ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும்.

விற்பவர்கள் சொல்லாமல் விடும் இன்னொன்று: கசிவு. எரித்தால் கரியமில வாயு, கசிந்தால் மீத்தேன். ஊருக்குப் போகும்போது டிரம் நிரம்பி ஓரத்தில் குமிழியிட்டுக்கொண்டிருந்தால், பூமிக்கு நீங்கள் செய்த நன்மையெல்லாம் அந்த ஓரத்தில் போய்விடும். ஊருக்குப் போகும் நாலு நாளுக்கு முன்பே உணவு போடுவதை நிறுத்துங்கள், சேர்ந்த வாயுவை எரித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

கயிறு ஆலையிலிருந்து தென்னை நார்க் கழிவு மலைபோல் கிடைக்கிறது. அப்படியே தென்னைக்குப் போட்டால் மரம் மஞ்சளாகிறதே?
– விவசாயி, பொள்ளாச்சி

மட்காத நார்க் கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரி இருக்கிறது. அதை உடைக்க வரும் நுண்ணுயிர்கள் தழைச்சத்துக்கு எங்கே போகும்? மண்ணில் மரத்துக்கு இருந்ததைத்தான் எடுக்கும். மஞ்சளுக்குக் காரணம் அதுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறையில் ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் போதும். தென்னை நிழலில் ஐந்துக்கு மூன்று மீட்டர் இடம் பிடியுங்கள். 100 கிலோ நார்க் கழிவைப் பரப்பி, அதன் மேல் ஒரு புட்டி வித்து. அடுத்த 100 கிலோ, அதன் மேல் ஒரு கிலோ யூரியா. இப்படி மாறி மாறிப் பத்து அடுக்கு. ஒரு மீட்டர் உயரம் வரும். கைபட்டால் ஈரம் ஒட்டும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து வாருங்கள். அறுபது நாளில் கறுத்து, எடை குறைந்து, கரி 24 பங்குக்கு இறங்கிவிடும். யூரியாவையும் வித்தையும் ஒரே அடுக்கில் கொட்டாதீர்கள், வித்து வெந்துவிடும்.

எங்கள் காலனியில் பங்குனி வந்தால் சருகைக் கூட்டி எரிக்கிறார்கள். மாற்று வழி?
– வாசகர், தாம்பரம்

கோழிவலையை நாலடி விட்டத்தில் வளையமாக வளைத்து மரத்தடியில் நிறுத்துங்கள், மூன்றடி உயரம் போதும். சருகை அரையடி போட்டு மிதித்து, ஒரு வாளி சாணிப்பால், மறுபடி சருகு. சருகு தண்ணீரை வழித்துவிடும் இயல்புள்ளது, மேலே ஊற்றினால் உள்ளே இறங்காது. அடுக்குக்கு அடுக்கு நனைப்பதுதான் ரகசியம். தூங்குமூஞ்சி இலை மூன்று மாதத்தில் தூளாகும். மா, பலா, தேக்கு எட்டு மாதம் கேட்கும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் செடிகளின் அடியில் நாலங்குல மூடாக்காகப் பரப்பிவிடுங்கள், தண்ணீர்ச் செலவும் குறையும்.

நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?
– வாசகி, சேலம்

உண்மைதான், பல தெருக்களில் அப்படித்தான் நடக்கிறது. ஈரம், உலர்வு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. பிரித்த ஈரக்குப்பை நுண் உரமாக்கல் மையத்துக்குப் போக வேண்டும். உங்கள் வார்டு மையம் எங்கே இருக்கிறது, உங்கள் வண்டி அங்கே போகிறதா என்று தூய்மைப் பணியாளரிடமே கேளுங்கள், நேராகச் சொல்லிவிடுவார்கள். போகவில்லையென்றால் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள். அதுவரை ஈரத்தை வீட்டு வாசலுக்கு வெளியே அனுப்பாமல் இருப்பது உங்கள் கையில். காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், நகராட்சி லாரி டீசல் போட்டு அந்தத் தண்ணீரைத்தான் ஊர் எல்லைக்குச் சுமக்கிறது. ஈரம் படாத பேப்பருக்கும் அட்டைக்கும் பழைய பேப்பர்க்காரரிடம் விலையும் கூடுதல்.

உரம் தயாராகிவிட்டது என்று எப்படித் தெரியும்? என் தொட்டி மட்கைப் போட்ட ரோஜா வாடிவிட்டது.
– வாசகி, புதுச்சேரி

அவசரப்பட்டு எடுத்திருக்கிறீர்கள். ஈரமான ஒரு பிடி மட்கை ஜிப் கவரில் அடைத்து மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் வாசனை வந்தால் முடிந்தது. புளிப்போ நாற்றமோ வந்தால் இன்னும் இரண்டு, மூன்று வாரம். சலித்து, மேலே தங்கும் கட்டியை அடுத்த வாளிக்கு விதை உரமாகப் போடுங்கள். நன்றாக முடிந்த மட்கையும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். ரோஜாவுக்கு மேல் மண்ணோடு இரண்டு கைப்பிடி, இருபது நாளைக்கு ஒருமுறை.

மட்கு போட்ட தொட்டியிலெல்லாம் தக்காளியும் பூசணியும் தானாக முளைக்கிறது. ஏதாவது தப்பா?
– வாசகர், நாகர்கோவில்

தப்பில்லை. உங்கள் வாளி அவ்வளவு சூடாகவில்லை என்று விதை சொல்கிறது. தக்காளி நாற்றை நான்கு இலை வந்ததும் பிடுங்கி நட்டுவிடுங்கள், ஆனால் காய் அம்மா செடியைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கடைத் தக்காளி பெரும்பாலும் கலப்பின (ஹைப்ரிட்) ரகம். பூசணிக்கு பால்கனி போதாது, கீழ்வீட்டாரைக் கேட்டுவிட்டுக் கொடியை இறக்குங்கள்.